பாங்கு வரம்பைக் குறைத்தால்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்து, கழக்கூட்டத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடித்தனம் நடத்தும் நம்மவர்க்கு ஒரு குறை எந்நாளும் உண்டு. அவசரத்துக்குக் கைமாற்றுக் கேட்க அண்டையில் மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. ஊரிலிருந்தால் மளிகைக் கடைக்காரர் நம் தகப்பனார் பெயரைச் சொன்ன அளவிலே பற்று எழுதிக்கொள்வார். அடுத்த தெருவில் அத்தை வீடு இருக்கும். இங்கே அவர்கள் இடத்தை ஒரு சிறிய அட்டை பிடித்துக்கொண்டது. 1990ஆம் ஆண்டில் டெக்னோபார்க் நிறுவப்பட்டது முதல் இவ்வூர் அடைந்த வளர்ச்சியில், கணினி நிலையங்களில் பணியாற்றும் இளைஞர் தொடங்கி, அவர்களுக்குச் சமைத்துப் போடும் மெஸ்காரர் வரையில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இங்கே வேரூன்றியிருக்கின்றன. அவற்றுள் பலவற்றில் மருத்துவச் செலவுக்கும், பள்ளிக் கட்டணத்துக்கும், பொங்கலுக்கு ஊர் செல்லும் பயணத்துக்கும் கடன் அட்டையே கைகொடுத்து வருகிறது.

மாமனுக்கு மனம் மாறினால் அது அவர் முகத்தில் தெரியும். அட்டைக்கு முகமில்லை. ஒரு நாள் கைப்பேசியில் ஒரு வரிச் செய்தி வருகிறது. ஒரு லட்சமாயிருந்த கடன் வரம்பு இன்று முதல் நாற்பதாயிரம் என்று. பலர் அதனை விளம்பரமென்று எண்ணிப் படியாமலே தள்ளிவிடுகின்றனர். ரயில் நிலையத்துப் பயணச்சீட்டுச் சாளரத்தின் உட்புறத்தில் அமர்ந்திருக்கும் நமக்கு இதன் விளைவு அவ்வப்போது காணக் கிடைக்கிறது. அட்டையை இயந்திரம் ஏற்க மறுக்கும். "இன்னொரு தடவை தேய்த்துப் பாருங்கள் சார், போன வாரங்கூட வேலை செய்தது" என்பார் குடும்பத் தலைவர். பின்னால் வரிசை முணுமுணுக்கும். குழந்தையைத் தோளில் சாய்த்திருக்கும் மனைவியார் கைப்பையைத் துழாவுவார். பழுது இயந்திரத்தில் இல்லை என்பதை அத்தனை பேர் நடுவே எவ்வாறு எடுத்துரைப்பது?

நம்மைக் கேளாமல் இவ்வாறு குறைக்கப் பாங்குக்கு உரிமை உண்டோ என்று அன்பர்கள் வினவுகின்றனர். உண்டு. கடன் அட்டைகள் பற்றி ரிசர்வ் பாங்கு 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிகளின்படி, வரம்பை உயர்த்துவதற்கு அட்டைதாரரின் வெளிப்படையான சம்மதம் வேண்டும். குறைப்பதற்கோ அறிவித்தால் போதும். இது நியாயமா என்று கேட்டால், நமது எண்ணத்தில் பாதி நியாயமே. வரம்பு என்பது நம் பணமன்று; நம்மைப் பற்றிப் பாங்கு கொண்டிருக்கும் அபிப்பிராயமே அது. அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு. ஆயினும் ஒரு குடும்பம் அதனை நம்பித் திட்டமிட்டிருக்கையில் ஒரே இரவில் மாற்றிக்கொள்வது முறையாகத் தோன்றவில்லை.

குறைப்பதற்கான காரணங்கள் பல. தவணை தவறியிருக்கலாம். அட்டை வெகுநாள் பெட்டியிலேயே கிடந்திருக்கலாம். வேறிடத்தில் வாங்கிய கடன்கள் பெருகியிருக்கலாம். நம்மிடம் யாதொரு குற்றமும் இன்றியும் குறைப்பதுண்டு. 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில் ஒருவருக்கு அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் 10,800 டாலர் வரம்பை 3,800 டாலராகக் குறைத்தது. அவர் பொருள் வாங்கிய கடைகளில் வாங்கிய பிறர் ஒழுங்காகக் கடன் திருப்பாதவர்கள் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம்! கடைத்தெருவில் கூட நின்றவர் செய்த தவறு இவர் தலையில் விடிந்தது.

நம் நாட்டில் 2023 நவம்பர் 16ஆம் நாள் ரிசர்வ் பாங்கு ஒரு கட்டளை பிறப்பித்தது. பாங்குகள் கொடுத்துள்ள அட்டைக் கடன்களின் அபாய மதிப்பு 125 சதவிகிதத்திலிருந்து 150 ஆக உயர்த்தப்பட்டது. இதன் பொருள் யாதெனில், நூறு ரூபாய் அட்டைக் கடனுக்குப் பாங்கு தன் சொந்த மூலதனத்திலிருந்து குறைந்தது 11 ரூபாய் 25 காசு ஒதுக்கி வைத்த நிலை போய், 13 ரூபாய் 50 காசு வைக்க வேண்டிய நிலை வந்தது. கொடுக்கும் கை தயங்குவதற்கு இதுவும் ஓர் ஏது. 1938இல் இதே திருவிதாங்கூர் மண்ணில், திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கின் மீது ஐயங்கொண்ட மக்கள் முண்டியடித்துத் தம் வைப்புத் தொகையைத் திரும்பக் கேட்க, அப்பாங்கு மூடப்பட்டது. அன்று மக்கள் பாங்கை நம்பவில்லை. இன்று பாங்கு மக்களை நம்பத் தயங்குகிறது.

வெளியூரிலிருந்து வந்த நமக்கென்றே தனியாக ஒரு காரணமும் உண்டு. அட்டை வாங்கிய காலத்தில் கொடுத்த முகவரி நாகர்கோவிலிலோ தென்காசியிலோ இருக்கும். கைப்பேசி எண் மாறியிருக்கும். ஒப்பந்த வேலை முடிந்து வேறொரு நிறுவனத்தில் சேர்ந்திருப்போம். சம்பளம் இப்போது வேறு பாங்கில் விழும். பழைய பாங்கின் கணக்கில் சம்பளம் வந்து ஆறு மாதமாகியிருந்தால், இவருக்கு வேலை போய்விட்டது என்று அது கருதக்கூடும். அறிவிப்போ பழைய எண்ணுக்குப் போய்ச் சேரும். ஆகவே வீடு மாறியவுடன் காஸ் இணைப்பை மாற்றுவதைப் போலவே, பாங்கில் முகவரியையும் எண்ணையும் வேலை விவரத்தையும் மாற்றுவது நன்று.

இனி விளைவைப் பார்ப்போம். டெக்னோபார்க் அருகில் மெஸ் நடத்தும் தென்காசிப் பக்கத்து அன்பர் ஒருவரின் கதை இதற்குப் பொருந்தும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, பணியாளர் யாவரும் வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கியதும் அவருடைய அடுப்பு அணைந்தது. அரிசிக்கும் காஸுக்கும் அட்டையில் வாங்கிய வகையில் 28,000 ரூபாய் பாக்கி. வரம்பு 80,000. அதனை அவருடைய பாங்கு 30,000 ஆக்கிற்று. மனிதர் புதிதாக ஒரு காசும் செலவிடவில்லை. எனினும் முதல் நாள் வரையில் வரம்பில் 35 சதவிகிதம் பயன்படுத்தியவராக இருந்தவர், மறுநாள் 93 சதவிகிதம் பயன்படுத்தியவராகிவிட்டார். சிபில் முதலிய கடன் தகவல் நிறுவனங்கள் 300 முதல் 900 வரை இடும் மதிப்பெண்ணில் இவ்விகிதத்துக்கு முக்கிய இடமுண்டு. முப்பது சதவிகிதத்துக்குள் இருப்பது நலம் என்பர். மதிப்பெண் இறங்கினால் அதைக் காணும் அடுத்த பாங்கும் கை சுருக்கும். ஒரு குறைப்பு மற்றொரு குறைப்பை ஈனும் என்பதே இதிலுள்ள பெரிய ஆபத்து. கடன் கிடைக்காமற் போவது அதற்கு அடுத்தபடிதான்.

அவ்வாண்டில் தவணைகளை ஆகஸ்டு 31 வரை ஒத்திவைக்க ரிசர்வ் பாங்கு இடமளித்ததை, கடனே தள்ளுபடியாயிற்று என்று மகிழ்ந்தவர் உண்டு. ஒத்திவைத்த காலத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. அட்டை வட்டியின் கணக்கை ஒரு முறை எழுதிப் பார்த்தால் உறக்கம் வாராது. மாதம் மூன்றரை சதவிகிதம் என்று கொண்டால் 28,000க்கு 980 ரூபாய். அதன்மேல் 18 சதவிகித வரியாக 176 ரூபாய் 40 காசு. நம் அன்பர் மாதம் 1,500 ரூபாய் கட்டினால் அசலில் கழிவது ஏறத்தாழ 344 ரூபாய். பாக்கியை முழுவதும் தீர்க்காத வரையில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாள் முதலே வட்டி ஏறும். ஆண்டுக்கு 30 சதவிகிதத்துக்கு மேல் வட்டி கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் கூறியிருந்தது. அத்தீர்ப்பை 2024 டிசம்பர் 20இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. அந்தப் பாதுகாப்பும் இப்போது இல்லை.

அன்பரும் அவர் மனைவியாரும் இரவு முழுவதும் கூடிப் பேசினர். வரம்பில் முப்பது சதவிகிதம் என்றால் 9,000. ஆகவே 19,000 ரூபாய் உடனே கட்ட வேண்டும். அக்கம்பக்கத்தில் ஒருவர், நூற்றுக்குப் பத்து வட்டிக்கு உடனே தருகிறேன் என்றார். இங்குள்ளோர் 'பிளேடு' என்று பெயரிட்டிருப்பது இத்தகைய கடனுக்கே; பெயர் மிகப் பொருத்தம். 2014இல் கேரள அரசு 'ஆபரேஷன் குபேரா' என்ற பெயரில் போலீசைக் கொண்டு இவர்களை வேட்டையாடியது. அவர்களுள் நம் பக்கத்து அண்ணாச்சிமாரும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. பிளேடுக்காரரிடம் வாங்கினால் 19,000க்கு மாதம் 1,900 வட்டி. அட்டையிலேயே விட்டால் வரி நீங்கலாக 665. அம்மையார் தம் வளையல்கள் இரண்டையும் பாங்கில் அடகு வைத்தார். ஆண்டுக்குப் பத்து சதவிகிதம் என்று கொண்டால் மாதம் 158 ரூபாய் சுமார். நகையை அடகு வைப்பது மானக்கேடு என்று கருதுவோர் இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். ரயில்வே முதலிய துறைகளில் இருப்போர்க்கு ஊழியர் கூட்டுறவுக் கடன் சங்கமும் துணை. கைப்பேசியில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலிகளைப் பற்றி ஒரு சொல்: வேண்டா.

வரம்பு குறைந்த செய்தி கண்டவுடன் செய்யத்தக்கவை வேறு சிலவும் உள. மாதந்தோறும் அட்டையிலிருந்து தானே கழியும் தொகைகள் எவை என்று பார்த்தல் வேண்டும். இடமில்லையேல் அவை கழியா. எல்.ஐ.சி. தவணை இதில் இருந்தால் கவனம் மிக வேண்டும். மாதத் தவணைக்குக் கருணைக் காலம் 15 நாள்களே. வரம்பு மீறிச் செலவிட முன்பே சம்மதம் அளித்திருந்தால், அதற்குத் தனிக் கட்டணம் விழும். அச்சம்மதத்தைத் திரும்பப் பெற்றுவிடலாம். மாதக் கணக்கு எடுக்கும் தேதிக்கு முன்னரே இயன்றதைக் கட்டிவிட்டால், கடன் தகவல் நிறுவனத்துக்குச் செல்லும் பாக்கித் தொகை சிறியதாக இருக்கும். 2025 ஜனவரி முதல் இத்தகவல் பதினைந்து நாளுக்கொரு முறையேனும் புதுப்பிக்கப்படுவதால் பலனும் விரைவில் தெரியும்.

சினத்தில் அட்டையை முறித்துக் கணக்கை மூடுவோர் உளர். பிற அட்டைகளில் பாக்கி இருக்கையில் இதனை மூடினால் மொத்த வரம்பு மேலும் சுருங்கி விகிதம் ஏறும். அவ்வாறே, போனதை ஈடுகட்ட ஒரே வாரத்தில் மூன்று பாங்குகளுக்கு விண்ணப்பம் போடுவதும் தகாது. ஒவ்வொரு விண்ணப்பமும் பதிவாகும்.

கடன் அறிக்கையை ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகப் பெறலாம். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் தனித்தனியே தரக் கடமைப்பட்டவை. நாம் வாங்காத கடன் நம் பெயரில் ஏறியிருப்பதும், கட்டி முடித்த கடன் முடியாததாகக் காட்டியிருப்பதும் நடவாதன அல்ல. புகார் செய்து 30 நாளில் திருத்தாவிடில் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தரவேண்டும் என்பது விதி.

பாங்குக்கு எழுதுங்கால் கடுஞ்சொல் வேண்டா. காரணம் யாது என்று கேட்டு, சம்பளச் சீட்டையும் புதிய முகவரிச் சான்றையும் இணைத்து எழுத்தில் அனுப்புக. கிளையில் அமர்ந்திருப்பவரைக் கடிந்து பயனில்லை, குறைத்தது அவரல்லர். முப்பது நாளில் பதில் வாராவிடில் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். ஆயினும் ஒன்று. குறைதீர்ப்புத் திட்டம் பாங்கின் வணிக முடிவுகளில் தலையிடுவதில்லை. வரம்பை ஏன் குறைத்தாய் என்பது அங்கே செல்லாது. அறிவிக்காமல் குறைத்தனர், தவறான தகவலால் குறைத்தனர், தகாத கட்டணம் விதித்தனர் என்பன செல்லும். மனு எழுதுவோர் இவ்வேறுபாட்டை அறிந்து எழுதினால் ஒரு மாத அலைச்சல் மிச்சம்.

தென்காசி அன்பர் ஆறு மாதம் தவறாமல் கட்டிய பின் வரம்பை உயர்த்துமாறு விண்ணப்பித்தார். பாங்கு 40,000 ஆக்கியது, அதற்கு மேல் இன்றும் உயர்த்தவில்லை. அவரும் மறுமுறை கேட்கவில்லை. 1969 முதல் நடந்துவரும் கேரள அரசின் கே.எஸ்.எஃப்.இ.யில் ஒரு சீட்டுச் சேர்ந்தார். இவ்வூரார் அதனைச் 'சிட்டி' என்பர். சீட்டெடுக்கும்போது ஜாமீன் கேட்பார்கள். வெளியூராருக்குச் சம்பளக்கார ஜாமீன் கிடைப்பது அரிது. தங்கத்தையோ வைப்புத் தொகையையோ ஈடாகக் காட்டலாம். மீட்ட வளையல்கள் அதற்கு உதவின. அரிசிக் கடைப் பாக்கியை இப்போது அவர் மாதம் முதல் வாரத்தில் ரொக்கமாகவே தீர்த்துவிடுகிறார்.