750 கிலோ தூக்கும் மினி டிராக்டர்... முன்பக்க லோடரும் அவ்வளவு தூக்குமா? வாங்கும் முன் இதைக் கவனிங்க!

செஞ்சி பக்கம் பாறையும் மேடுமான நிலத்தில் கல் அகற்ற, எரு அள்ள மினி டிராக்டரில் லோடர் மாட்ட நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது எச்.பி.யைத்தான். அது மட்டும் போதாது. 24 எச்.பி. மஹிந்திரா ஜிவோ 245 டிஐ-யின் தூக்கும் திறன் 750 கிலோ. ஆனால் அது பின்பக்க ஹைட்ராலிக் கணக்கு. முன்னாடி பக்கெட் எவ்வளவு தூக்கும் என்பது லோடரையும் முன் அச்சின் பலத்தையும் பொறுத்தது. அதைத் தனியாக எழுதி வாங்குங்க.

பக்கெட்டில் கல் ஏறினால் எடை முன்னாடி சாயும், பின்சக்கரம் லேசாகும். சரிவில் வண்டியே கவிழலாம். அதனால் 4 வீல் டிரைவ் பாருங்க. பின்பக்கம் எடை மாட்டணும். பக்கெட்டைத் தரையை ஒட்டியே கொண்டு போகணும்.

வருஷத்துக்கு நாலைந்து நாள் வேலைதான் என்றால் சொந்த வண்டி எதுக்கு? உழவன் செயலியில் வேளாண் பொறியியல் துறை இயந்திரங்களை வாடகைக்கு முன்பதிவு செய்யலாம்.