சென்னை - யாழ்ப்பாணம்: 355 கி.மீ. பறக்க ஒன்றேகால் மணி நேரமா?

சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 355 கி.மீ.தான். வான்வழியில் மதுரையைவிடப் பக்கம். ஆனாலும் டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்று இருக்கிறதே, ஏன்?

முதல் காரணம் விமானம். இங்கே பறப்பது ஏ.டி.ஆர். 72 என்ற டர்போபிராப் ரகம். வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. ஜெட் என்றால் 800-ஐத் தாண்டும். பலாலி ஓடுபாதை குட்டை என்பதால் சின்ன விமானம்தான் சரிப்படும்.

இன்னொன்று, டிக்கெட்டில் போடுவது பறக்கும் நேரத்தை மட்டுமல்ல. இங்கே விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து அங்கே போய் நிற்கும் வரை எல்லாமே கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது ஆகியவற்றுக்கு தூரம் குறைந்தாலும் நேரம் பெரிதாகக் குறையாது.

சரி, இந்த நேரடி விமானம் இல்லாவிட்டால்? 645 கி.மீ. தள்ளியுள்ள கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து சுமார் 400 கி.மீ. வடக்கே சாலையில் திரும்பி வர வேண்டும். முழு நாள் போய்விடும். 2019 நவம்பரில் தொடங்கிய நேரடி சேவை, 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில்தான் மீண்டும் வந்தது. இடைப்பட்ட நாட்களில் சொந்தக்காரர் வீட்டுச் சாவுக்குக்கூட நேரத்துக்குப் போய்ச் சேர்வது கஷ்டம்தான்.

இரு நாட்டுக்கும் ஒரே நேரம்; கடிகாரத்தை மாற்ற வேண்டாம். ஆனால் இது வெளிநாட்டுப் பயணம். பாஸ்போர்ட், குடியேற்றச் சோதனை எல்லாம் உண்டு. பறப்பதைவிடக் காத்திருப்புதான் அதிகம் என்பதை மனதில் வைத்துக் கிளம்புங்கள்.