சாயத்தை உடைக்கும் வெள்ளைத் தூள்!

குழந்தைகளே! நீங்கள் போட்டிருக்கும் பனியனுக்கு இவ்வளவு அழகான நிறம் எங்கிருந்து வந்தது? சாயப்பட்டறையிலிருந்துதான். துணி பிடித்துக்கொண்டது போக மீதிச் சாயம் என்ன ஆகும்? தண்ணீரோடு வெளியேறும்.

திருப்பூர்ச் சாயக்கழிவு பல ஆண்டுகள் நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கி நின்றது. அந்தத் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்ச முடியாமல் விவசாயிகள் தவித்தார்கள். விதிகளைப் பின்பற்றாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

வெயிலுக்கும் சோப்புக்கும் வெளுக்காதபடி தயாரிக்கப்படுவதுதான் சாயம். அதனால் தண்ணீரிலும் அது லேசில் சிதைவதில்லை. அதை உடைக்க விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அதற்குத் தேவை வெயிலும் ஒரு வெள்ளைத் தூளும்!

அந்தத் தூளின் பெயர் துத்தநாக ஆக்சைடு. அரிப்புக்குத் தடவும் காலமைன் லோஷனில் இருப்பதும் இதுதான். இதை 'நானோ' அளவுக்குச் சிறிதாக்க வேண்டும். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமனே சுமார் 80,000 நானோமீட்டர்!

ஏன் இவ்வளவு சிறிதாக்க வேண்டும்? கற்கண்டைவிடப் பொடித்த சர்க்கரை சீக்கிரம் கரைகிறது அல்லவா? சிறிதாக ஆக, தண்ணீரைத் தொடும் பரப்பு கூடுகிறது. வேலையும் வேகமாக நடக்கிறது.

இந்தத் தூளைத் தயாரிக்கும் சில முறைகளுக்கு நச்சு ரசாயனங்கள் தேவை. தண்ணீரைச் சுத்தம் செய்யப் போய் இன்னொரு கழிவை உண்டாக்கலாமா? அதனால் விஞ்ஞானிகள் இலைகளைத் தேடிப் போனார்கள். வேப்பிலையைக் கொதிக்கவைத்து வடிகட்டிய சாற்றைத் துத்தநாக உப்புக் கரைசலில் கலந்து சூடாக்குகிறார்கள். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகாமல் இலைச்சாற்றில் உள்ள பொருள்கள் பார்த்துக்கொள்கின்றன. பிறகு உலர்த்தி, உலையில் சுட்டால் வெள்ளைத் தூள் தயார்!

இதைச் சாயத் தண்ணீரில் போட்டு வெயிலில் வைத்தால் என்ன நடக்கும்? வெயிலில் உள்ள புற ஊதாக்கதிர் பட்டதும், தூளில் இருக்கும் எலெக்ட்ரான்கள் துள்ளி எழுகின்றன. அப்போது தண்ணீரிலிருந்தும் ஆக்சிஜனிலிருந்தும் வீரியமான துணுக்குகள் உண்டாகின்றன. அவை சாய மூலக்கூறுகளைத் துண்டு துண்டாக உடைக்கின்றன. நிறம் மெல்ல மறைகிறது!

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? அவசரப்படாதீர்கள்! சாயம் துணியில் பிடிப்பதற்காகச் சேர்க்கும் உப்பை இந்தத் தூளால் நீக்க முடியாது. அதற்குத் தனிச் சுத்திகரிப்பு வேண்டும். தூளும் ஆற்றில் கலந்துவிடக் கூடாது. கலந்தால் மீன்களுக்கும் ஆபத்து. அதனால் தூளைக் கண்ணாடி போன்றவற்றில் ஒட்டவைத்துப் பயன்படுத்தவும் ஆராய்ச்சி நடக்கிறது.

ஆகவே குழந்தைகளே, தெளிந்த தண்ணீர் எல்லாம் சுத்தமான தண்ணீர் அல்ல! நிறம் போன பிறகும், "உள்ளே இன்னும் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்தான் நல்ல விஞ்ஞானி. நீங்களும் கேட்பீர்கள்தானே?