வலுப்படுத்தல்: எழுவாய் யார்?

போரால் குலைந்த சமூகங்களில் உணவுப் பாதுகாப்பு வேண்டுமென்றால் கிராமப்புறப் பெண்களை 'வலுப்படுத்த' வேண்டும் என்கிறது வளர்ச்சித் துறையின் சொல்லாடல். இந்தப் 'படுத்து' என்கிற துணைவினையைச் சற்றுக் கவனிக்க வேண்டும். செய்கிறவர் வேறு யாரோ. பெண் அங்கே செயப்படுபொருள். இதை இலக்கணக் குறும்பு என்று ஒதுக்க முடியாது. திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள கொட்டப்பட்டு ஈழத்தமிழர் முகாமில் இதே இலக்கணம்தான் பணக்கொடைப் பட்டியலாக இயங்குகிறது.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு இந்தத் தொகையை உயர்த்தியது: குடும்பத் தலைவருக்கு மாதம் 1500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1000, குழந்தைகளுக்கு 500. கூடியது நல்லதுதான். ஆனால் புருஷன் இருக்கிற வீட்டில் தலைவர் யார் என்று நாம் கேட்பதே இல்லை. அரிசி மாசக் கடைசி வரைக்கும் வருமா என்று கணக்குப் பார்ப்பது அவள். பத்தாதபோது தன் தட்டில் குறைத்துக்கொள்வதும் அவள். பட்டியலில் மட்டும் அவள் 'மற்றவர்'.

முகாம்களில் பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் உண்டு, சேமிப்பு உண்டு, தொழிற்பயிற்சி உண்டு. இவற்றை நான் ஏளனம் செய்யவில்லை. கையில நாலு காசு புழங்கினால்தான் வீட்டில் வாய் திறக்க முடியும். ஆனால் வன்னியிலும் மன்னாரிலும் வயல் பார்த்தவளுக்கு இங்கே ஒரு குழி நிலம் கிடையாது. இலங்கைக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இந்தியாவில் நிலம் வாங்க முடியாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்ற மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது. ஈழத்தவர் அதில் இல்லை. சில மைல் வடக்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், ஸ்ரீரங்கம் கோயிலில் 2012 முதல் நாள் முழுக்க அன்னதானம் நடக்கிறது. பசித்தவருக்கு அது சோறு, மறுப்பதற்கில்லை. ஆனால் தானத்தைக் கேட்டு யாரும் வழக்குப் போட முடியாது. பணக்கொடையும் பெயரிலேயே கொடைதான்.

அங்கே, இவர்கள் விட்டு வந்த மண்ணில், நடந்த ஒன்றை இதனோடு வைத்துப் பார்க்கலாம். முல்லைத்தீவு மாவட்டம் பிலவுக்குடியிருப்பில் மக்களின் காணியைப் போருக்குப் பின் விமானப்படை வைத்துக்கொண்டது. 2017 ஜனவரி கடைசியில் அந்தக் குடும்பங்கள், பெண்கள் முன்னின்று, முகாம் வாசலிலேயே குந்தின. வெயில், பனி, கைக்குழந்தை எல்லாவற்றோடும் ஒரு மாதம். மார்ச் 1ஆம் தேதி காணி திரும்பியது. யாரும் அவர்களுக்குப் பயிற்சி முகாம் நடத்தவில்லை. தங்கள் கிணறு எது, தங்கள் தென்னை எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உணவுப் பாதுகாப்பு என்ற சொல் அங்கே தேவைப்படவில்லை.

கொட்டப்பட்டில் திரும்பப் பெறுவதற்குக் காணி இல்லை. அங்கே கேட்க வேண்டியது குடியுரிமை. இந்தியாவில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள் என்கிறது சட்டம். அந்த விதியைப் பிடித்துக்கொண்டு அம்முகாமைச் சேர்ந்த ஒரு பெண் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2022இல் அவருக்குக் கடவுச்சீட்டு வழங்க உத்தரவானது. 2024 ஏப்ரல் 19 அன்று திருச்சியில் வாக்களித்தார்.