தண்ணீர் வடிந்த பிறகு வாருங்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் கொட்டிய மழை சுமார் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம். குளங்கள் உடைந்தன. தாமிரபரணி கரைபுரண்டு ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் ஊர்களுக்குள் புகுந்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சிக்கித் தவித்ததை நாடே பார்த்தது. ஹெலிகாப்டரிலிருந்து உணவு இறக்கியதையும் பார்த்தது. தண்ணீர் வடிந்ததும் கேமராக்கள் கிளம்பிப் போயின. வீடுகளுக்குள் சகதி அப்படியே கிடந்தது.

அந்தச் சகதியை அள்ளத்தான் எங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஏரல் பக்கம் போனோம். எனக்கு அதுதான் முதல் தடவை. அரிசியும் பெட்ஷீட்டும் லாரியில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. மண்வெட்டி பிடிக்கத்தான் ஆள் பற்றவில்லை.

தெருவில் கால் வைத்ததுமே நாற்றம் முகத்தில் அடித்தது. மூட்டையோடு ஊறி நொதித்துப்போன அரிசி, அழுகிய வாழை, சாக்கடை எல்லாம் கலந்த நாற்றம். சுவரில் சுவிட்ச் போர்டுக்கும் மேலே தண்ணீர் நின்ற கோடு. இலவம்பஞ்சு மெத்தை ஒன்றை நான்கு பேர் சேர்ந்தும் தூக்க முடியவில்லை. கிழித்துப் பஞ்சைத் தனியாக அள்ளித்தான் வெளியேற்றினோம். சகதி ஈரமாக இருக்கும்போதே வழித்துவிட வேண்டும். காய விட்டால் தரையோடு இறுகி, கடப்பாரைக்குத்தான் அசையும். ஒருவர் மண்வெட்டியால் வழிக்க, ஒருவர் சாந்துச் சட்டியில் வாங்க, மற்றவர்கள் கை மாற்றிக் கை மாற்றித் தெருவுக்குக் கொண்டுபோக வேண்டும். சுவரை மேலிருந்து கீழாகக் கழுவி, வாரியலால் தள்ளி, கடைசியில் பிளீச்சிங் பவுடர். இவ்வளவும் செய்தால் ஒரு அறை முடியும்.

ஒரு வீட்டில் மூலையில் கிடந்த தையல் மெஷினைக் குப்பையோடு தூக்கப் போனாள் தோழி. அந்த வீட்டு ஆச்சி ஓடி வந்தார். “எம்மா, அதத் தூரப் போட்டுராதிய. அதுதான் எங்க மருமவளுக்குச் சோறு.” நாங்கள் இரண்டு பேர் திண்ணையில் உட்கார்ந்து மெஷினைக் கழுவினோம். பாபின் வைக்கும் இடத்தில் களிமண் கெட்டியாக அடைத்திருந்தது. ஊசியால் கிளறி, பழைய டூத் பிரஷால் தேய்த்து, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, மெஷின் ஆயில் போட்டோம். சக்கரம் முதலில் அசையவில்லை. பிறகு கரகரவென்று மணலை அரைத்தபடி சுற்றியது. ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை, பெடலை மட்டும் காலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். வெளியாளுக்குக் குப்பையாகத் தெரிவதெல்லாம் வீட்டுக்காரருக்குக் குப்பை அல்ல. எதை எறிவது, எதை வைப்பது என்று அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்காக எத்தனை நேரம் காத்திருந்தாலும் தகும்.

காகிதங்களும் அப்படித்தான். பட்டா, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டாக வரும். ஈரத்தோடு பிரித்தால் கிழிந்துவிடும். நிழலில் காற்றாட வைத்து, தானாகப் பிரிகிறபோது எடுக்க வேண்டும். கடும் பாதிப்புக்குள்ளான வட்டங்களில் ரேஷன் கார்டுக்குத்தான் அரசு 6,000 ரூபாய் நிவாரணம் அறிவித்திருந்தது. அந்த அட்டை தொலைந்த வீட்டின் பதற்றத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தெருக் குப்பையை அள்ள வெளியூர்களிலிருந்தும் தூய்மைப் பணியாளர்கள் வந்திருந்தார்கள். எங்களுக்குக் கல்லூரி கையுறையும் பூட்ஸும் கொடுத்திருந்தது. அவர்களில் பலர் வெறுங்காலோடு அதே சகதியில் நின்றார்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள சின்னக் கீறல் வழியாக உடம்புக்குள் போனாலே எலிக்காய்ச்சல் வரலாம். மாணவருக்குக் கிடைத்த பாதுகாப்பு, அந்த வேலையையே தொழிலாகச் செய்கிறவருக்குக் கிடைக்காதது பெரிய அநியாயம். அன்றும் அப்படித்தான் நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல் தொடங்கியது. சேருகிற மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும்; ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. மரக்கன்று நடுகிறோம், பேரணி போகிறோம், எல்லாம் நல்லதுதான். ஆனால் வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் அக்டோபரில் வாசலுக்கு வந்துவிடுகிற மாநிலத்தில், வெள்ளம் புகுந்த வீட்டை எப்படிச் சுத்தம் செய்வது என்று ஒரு நாளாவது சொல்லிக்கொடுக்க வேண்டாமா? மெயின் சுவிட்சை அணைத்த பிறகே உள்ளே நுழைவது, கேஸ் சிலிண்டர் இருக்கும் இடத்தை முதலில் பார்ப்பது, பொருட்களுக்கு அடியில் பாம்பு இருக்கலாம் என்று கம்பால் தட்டிவிட்டுக் கை வைப்பது போன்றவற்றை நாங்கள் ஊர்க்காரர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

அடுத்த முறை உங்கள் பக்கத்து மாவட்டத்தில் வெள்ளம் வந்தால், தண்ணீர் வடிந்த வாரத்தில் கிளம்புங்கள். டிடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பூட்ஸ், தடித்த கையுறை, குடிதண்ணீர், உங்கள் சாப்பாடு எல்லாம் நீங்களே கொண்டுபோங்கள். கூடவே இரண்டு மண்வெட்டியும், தூய்மைப் பணியாளர்களுக்குக் கொடுக்கக் கொஞ்சம் கூடுதல் கையுறையும் எடுத்துக்கொள்ளுங்கள்.