உடைக்க வேண்டும், அரைக்கக் கூடாது

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் தயாரிப்பது பலருக்கு ஒரு பொழுதுபோக்கு. 1978-இல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் ஒன்று, வீட்டு உபயோகத்துக்கான பீருக்கு மத்திய அரசின் வரியிலிருந்து விலக்கு அளித்தது. அதன்பின் இது நன்கு பரவிற்று. இதில் இறங்குபவர்கள் விரைவிலேயே ஒரு கேள்வியைச் சந்திக்கிறார்கள்: பார்லியை உடைக்க எந்த இயந்திரம் வாங்குவது? இந்தச் சமையலறைக் கேள்விக்குள் நல்ல பௌதிகம் இருக்கிறது.

பார்லியை முளைக்கவிட்டு உலர்த்தியதே மால்ட். அதை உடைத்து, சுமார் 66 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், தானியத்திலேயே உள்ள அமைலேஸ் என்னும் நொதிகள் மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. பிறகு அந்த இனிப்பு நீரை வடித்தெடுக்க வேண்டும். வடிகட்டி எது தெரியுமா? பார்லியின் உமிதான். பாத்திரத்தின் அடியிலுள்ள துளைத் தகட்டின்மேல் உமி படுகையாகப் படிய, நீர் அதன் இடுக்குகள் வழியே தெளிவாக இறங்குகிறது.

அப்படியானால் மால்ட்டை மாவாகவே அரைத்துவிட்டால் என்ன? துகளின் விட்டத்தைப் பாதியாக்கினால் மொத்தப் பரப்பு இரு மடங்காகும். நொதிகளுக்கு வேலை எளிது. ஆனால் படுகையின் வழியே நீர் செல்லும் வேகம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் வேகம் நாலில் ஒன்றாகிவிடும். உமியும் தூளானால் பாத்திரத்தில் இருப்பது வெறும் கூழ். நாலைந்து கிலோ மால்ட்டும் ஒரு நாள் உழைப்பும் அதில் சிக்கிக்கொள்ளும். ஆகவே உள்ளீடு நொய்யாக உடைய வேண்டும். உமியோ முழுதாக நிற்க வேண்டும்.

சுழலும் பிளேடு கொண்ட காப்பிக்கொட்டை இயந்திரம் இதற்கு உதவாது. அது உமி, உள்ளீடு என்ற பேதம் பார்ப்பதில்லை. விலை மலிவானது, கொலம்பியாவில் மக்காச்சோளம் அரைக்கவென்று செய்யப்பட்ட ‘கொரோனா’ என்னும் கைஆலை. நம் திரிகையை நிமிர்த்தி வைத்ததுபோல, பல்வெட்டிய இரு இரும்புத் தட்டுகள். ஒன்று நிற்க மற்றது சுழலும். தானியம் தேய்க்கப்படுவதால் உமி கிழிகிறது. மால்ட்டைத் துணிப்பையில் கட்டி ஊறவைப்பவர்களுக்கு உமிப் படுகை அவ்வளவாகத் தேவையில்லை. அவர்களுக்கு இதுவே போதும். அதிகம் செலவிட வேண்டாம் என்பேன்.

மற்றவர்களுக்கு ஏற்றது உருளை ஆலை. எதிரெதிராகச் சுழலும் இரு எஃகு உருளைகளுக்கிடையே தானியம் நசுக்கப்படுகிறது. நொறுங்கும் தன்மையுள்ள உள்ளீடு உடைகிறது. நார்த்தன்மையுள்ள உமி வளைந்து தப்புகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது உருளையின் விட்டம். உருளையின் அழுத்தம் தானியத்தை மேலே தள்ள, உராய்வு அதைக் கீழே இழுக்கிறது. உருளைகளின் மையங்களை இணைக்கும் கோட்டுக்கும், மையத்திலிருந்து தானியம் தொடும் புள்ளிக்குச் செல்லும் கோட்டுக்கும் இடையே உள்ள கோணத்தைப் பாருங்கள். உராய்வுக் கெழு அக்கோணத்தின் டேன்ஜென்ட்டைவிட அதிகமாயிருந்தால்தான் தானியம் உள்ளே போகும். தானியத்தின் கனம் 2.5 மி.மீ., இடைவெளி 1 மி.மீ. என்று கொள்வோம். 38 மி.மீ. விட்டமுள்ள வீட்டு உருளைக்குக் கோணம் ஏறக்குறைய 16 டிகிரி. தேவையான உராய்வுக் கெழு 0.28. பெரிய ஆலைகளின் 250 மி.மீ. உருளைக்கோ 6 டிகிரியும் 0.11-உம் போதும்! சிறிய உருளை வழவழப்பாக இருந்தால் தானியம் மேலேயே நின்று கூத்தாடும். ஆகவே சிறிய உருளை வாங்குவோர் மேற்பரப்பில் ஆழமாகச் சொரசொரப்பு வெட்டியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

உருளையின் நீளம் வேலை முடியும் நேரத்தைத்தான் மாற்றும். இடைவெளியைக் கூட்டிக் குறைக்க வசதியிருப்பது அதைவிட முக்கியம். கோதுமை மால்ட்டுக்கு இடைவெளியைக் குறைக்க வேண்டிவரும். ஸ்பார்க் பிளக்கைச் சரிசெய்ய மெக்கானிக்குகள் செருகிப் பார்க்கும் மெல்லிய தகடுகளைக் கொண்டு உருளையின் இரு முனைகளிலும் அளக்கலாம். 1 மி.மீ.-இல் தொடங்கி, ஒரு பிடி உடைத்துப் பாருங்கள். முழுத் தானியம் தென்பட்டால் சிறிது நெருக்குங்கள். மாவு மிகுந்தால் தளர்த்துங்கள்.

இன்னொரு சிறு உபாயமும் உண்டு. உடைக்குமுன் 5 கிலோ மால்ட்டுக்குச் சுமார் 100 மி.லி. தண்ணீர் தெளித்துப் பிசறினால் உமி மட்டும் துவண்டு, கிழியாமல் பிழைக்கும். நீர் இழுபடும்வரை சில நிமிடங்கள் பொறுக்க வேண்டும். இல்லாவிட்டால் எஃகு உருளை துருப்பிடித்துவிடும்.