குழந்தைக்கு வயித்தால போகுதா? சாப்பாட்டை நிறுத்தாதீங்க!

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோவில் போகும் ரோட்டில் இருக்கிறது குமராட்சி. கொள்ளிடக்கரைப் பகுதி. மேட்டூர் அணை நிரம்பி கொள்ளிடத்தில் உபரி நீரைத் திறந்துவிட்டால், பெராம்பட்டு, கீழகுண்டலபாடி பக்கமெல்லாம் ஊருக்குள்ளேயே தண்ணி வந்துடும். 2018 ஆகஸ்ட்டிலும் அப்படித்தான் வந்தது. இப்படி வெள்ளம் வந்துபோன ஊர்களில் குடிக்கிற தண்ணியில் அழுக்கு கலந்துவிட்டால், முதலில் படுப்பது குழந்தைகள்தான். ஒரே நாளில் ஆறேழு தடவை தண்ணியாகப் போகும்.

அப்போது வீட்டில் ஒரு குரல் கேட்கும். ‘‘வயித்துக்கு எதுவும் கொடுக்காதம்மா, கொடுத்தா இன்னும் போகும்!’’ அக்கறையில்தான் சொல்வாங்க. ஆனால், ஆபத்தே அங்கேதான் ஆரம்பிக்குது.

உயிருக்கு ஆபத்து எதனால்?

பேதியில் பல குழந்தைகளின் உயிரைப் பறிப்பது, உடம்பிலிருந்து வெளியேறும் தண்ணியும் உப்பும்தான். சின்ன உடம்பு என்பதால் சீக்கிரமே வறண்டுவிடும். நாமும் தண்ணி, பால், சோறு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் இழப்பு இரட்டிப்பாகும். பேதியின்போதும் குடல் தன் வேலையை முழுசாக நிறுத்துவதில்லை. குடலில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து உள்ளே போகும்போது தண்ணியையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். ஓ.ஆர்.எஸ். வேலை செய்வது இப்படித்தான்.

1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் இருந்த டாக்டர் திலீப் மகலநாபிஸ், உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணியை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையாலேயே குடிக்க வைத்தார். 100-க்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, 4 பேருக்கும் குறைவானது.

ஓ.ஆர்.எஸ். எப்படிக் கொடுக்கணும்?

1 லிட்டர் பாக்கெட் என்றால், கொதிக்கவைத்து ஆறிய 1 லிட்டர் தண்ணியில் முழு பாக்கெட்டையும் கொட்டணும். பாதி இன்னிக்கு, பாதி நாளைக்கு என்று பிரிக்கக் கூடாது. கலந்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

* 2 வயதுக்குள்: ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மி.லி. (கால் டம்ளர் முதல் அரை டம்ளர்).
* 2 முதல் 5 வயது: 100 முதல் 200 மி.லி.

பாலாடையிலோ ஸ்பூனிலோ கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் விட்டு, 2, 3 நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன் என்று திரும்ப ஆரம்பியுங்கள். பாக்கெட் கிடைக்காத ராத்திரியில், 1 லிட்டர் தண்ணியில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. எல்லாமே தலை தட்டிய அளவு. உப்பு கூடினால் ஆபத்து. கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் கொட்டிவிட்டு வேறு கலக்குங்கள்.

ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும். ஓ.ஆர்.எஸ். பேதியை உடனே நிறுத்தாது, உடம்பு வறண்டுபோகாமல் காக்கும். ‘கொடுத்தும் நிக்கலையே’ என்று கைவிட்டுடாதீங்க.

டெட்ரா பேக்கை நம்பாதீங்க

மெடிக்கல் ஷாப்பில் ஆப்பிள், ஆரஞ்சு ஃபிளேவரில் கிடைக்கிற பானங்கள் எல்லாம் ஓ.ஆர்.எஸ். ஆகாது. சர்க்கரை அதிகமானால் பேதியும் கூடும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் போராடிய பிறகு, உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலாப்படி இல்லாத பானங்கள் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. கூல் டிரிங்க்ஸும் பாக்கெட் ஜூஸும் வேண்டவே வேண்டாம்.

என்ன சாப்பிடலாம்?

தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு, வழக்கத்தைவிட அடிக்கடி பால் கொடுங்கள். 6 மாசம் தாண்டிய குழந்தைக்கு குழைந்த பருப்பு சாதம், தயிர் சாதம், இட்லி, மசித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம் கொடுக்கலாம். உப்பு போட்ட கஞ்சியும் மோரும் நல்லதுதான். ஆனால், வெறும் கஞ்சித்தண்ணியில் சத்து போதாது. பசி குறைவாக இருக்கும் என்பதால், 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாக ஊட்டுங்கள். குணமான பிறகு 2 வாரத்துக்கு தினமும் ஒரு வேளை கூடுதலாகக் கொடுத்தால், இளைத்த உடம்பு தேறும்.

கூடவே 14 நாள் ஜிங்க் மாத்திரை. 2 முதல் 6 மாசம் வரை 10 மி.கி., அதற்கு மேல் 20 மி.கி. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிராம சுகாதார செவிலியரிடமும் கேளுங்கள். பேதி நின்றாலும் மாத்திரையை நிறுத்தாதீங்க. பெரியவர்கள் போடுகிற பேதி நிறுத்தும் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது ஆபத்து.

உடனே ஓட வேண்டிய நேரம்

கண் குழி விழுந்திருக்கு, அழுதா கண்ணீர் வரலை, 6 மணி நேரமா சிறுநீர் போகலை, வயித்துத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாத்தான் இறங்குது, மலத்தில் ரத்தம், குடிச்சதெல்லாம் வாந்தி, குழந்தை துவண்டுபோய்க் கிடக்குது... இதில் ஒன்று இருந்தாலும் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 2 மாசத்துக்குள் உள்ள குழந்தைக்கு பேதி என்றாலே டாக்டர்தான். 108-க்கு போன் பண்ணுங்க. போகிற வழியிலும் விழுங்க முடிகிற குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். ஸ்பூன் நிற்கக் கூடாது.

மழைக்காலம் வருவதற்கு முன்பே நாலு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். வாங்கி, அஞ்சறைப் பெட்டி பக்கத்தில் வெச்சிடுங்க. ராத்திரி 2 மணிக்கு மெடிக்கல் ஷாப் திறந்திருக்காது!